பின்பக்கத்து டிரம்

எங்க ஊரு சிஸ்டர் நிர்மலிக்கு வயசு முப்பதுகூட ஆகல. எனக்கு அம்பத்தி நாலு. அவங்க குரு, நான் சிஷ்யன். சிரிச்சீங்கன்னா தப்பில்ல, நானே மொதல்ல சிரிச்சவன்தான்.

என் பேரு வஸ்தியான். அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் போனேன். அதுலயும் வாத்தியாரு மாதிரி பேசிக்காட்டி பாதி நாளு வெளியதான் நின்னேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, எதுன்னாலும் என் கையில மைக்கைக் குடுத்துட்டா போதும். எங்க கோயில் பங்குசாமி இருமுறதுலேர்ந்து பழனி பஸ்ஸு பிரேக் போடுற வரைக்கும் எல்லாம் இந்தத் தொண்டைக்குள்ள இருக்கு.

சிஸ்டர் தினம் சாயங்காலம் பெரியவங்களுக்கு பைபிள் வகுப்பு எடுப்பாங்க. மொத்தம் பதினோரு பேரு. பத்துப் பேரு பொம்பளைங்க. மிச்சம் நான்.

சிஸ்டர்கிட்ட ஒரு பழக்கம். கேள்வி கேட்டா பதில் வராது. வேற ஏதாவது வரும்.

ஒரு நாள் கேட்டேன்.

"சிஸ்டர், ஏசுநாதர் ஒரு வார்த்தை சொன்னா போதும், நோய் ஓடிரும். அப்புறம் எதுக்கு அந்தத் தொழுநோய்க்காரரைத் தொட்டாரு? தொட்டா தீட்டுன்னு அந்த ஊருல சட்டமே இருந்துச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"உங்க ஜெசிந்தா சின்னப் புள்ளையில காய்ச்சல்ல கெடந்தப்போ நெத்தியில கை வெச்சீங்களாண்ணே?"

"வெச்சேன்."

"எதுக்கு?"

"காய்ச்சல் எவ்வளவுன்னு பாக்க."

"வீட்டுல தெர்மாமீட்டர் இல்லையா?"

"இருந்துச்சு."

சிஸ்டர் அடுத்த பக்கத்தைத் திருப்பிட்டாங்க.

ரெண்டு நாள் யோசிச்சேன். நான் கேட்டது தொழுநோய். அவங்க குடுத்தது தெர்மாமீட்டர். மூணாவது நாள் யோசிக்கிறதை விட்டுட்டேன்.

மாதா திருவிழாவுக்கு எங்க வகுப்பு சார்பா ஒரு நாடகம் போட்டோம். கானாவூர் கல்யாணம். கல்யாண வீட்டுல திராட்சை ரசம் தீந்துபோகுது. ஏசுநாதர் அங்க கெடந்த ஆறு கல் ஜாடியில தண்ணியை நிரப்பச் சொல்றாரு. தண்ணி ரசமாயிருது. எனக்குப் பந்தி மேற்பார்வையாளர் வேஷம். அவருதான் ருசி பாத்துட்டு மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, எல்லாரும் நல்லதை மொதல்ல குடுப்பான், நீ என்னய்யா கடைசி வரைக்கும் ஒளிச்சு வெச்சிருக்கன்னு கேக்குறவரு.

நான் அதை எங்க ஒன்றியத் தலைவர் குரல்ல பேசி, கடைசியில கூட்டத்தைப் பாத்து ஒரு கண்ணடிச்சேன். விசில் பறந்துச்சு.

முடிஞ்சதும் சிஸ்டர் கூப்பிட்டாங்க. பாராட்டத்தான்னு சட்டையை இழுத்து விட்டுட்டுப் போனேன்.

"கண்ணடிச்சீங்களேண்ணே, எதுக்கு?"

"அது ஜாடித் தண்ணின்னு தெரியும்ல சிஸ்டர். அதான் ஒரு இது."

"யாருக்குத் தெரியும்?"

"மேற்பார்வையாளருக்கு."

"அவருக்குத் தெரியாது."

"பின்ன யாருக்குத் தெரியும்?"

"தண்ணி மொண்டு வந்தவங்களுக்கு. எழுதியே இருக்கு, பாருங்க."

வீட்டுக்குப் போயி எழுத்துக்கூட்டிப் படிச்சேன். எழுதித்தான் இருந்துச்சு. ருசி பாத்த பெரிய மனுசனுக்குத் தெரியல. தண்ணி சுமந்தவனுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு ஒரே வருத்தம். இவ்வளவு நல்ல வேஷத்தை ஒரு விவரமில்லாதவனுக்கா குடுத்தாங்க?

மறுநாள் வகுப்புல விடல நான்.

"சிஸ்டர், இன்னொரு சந்தேகம். ரசம் தீந்துபோச்சுன்னா, தீந்துபோன பாத்திரம் காலியாத்தான கெடக்கும்? அதுலயே தண்ணியை ஊத்தச் சொல்லிருக்கலாம். எதுக்கு மெனக்கெட்டு அந்தக் கல் ஜாடி? அது கைகால் கழுவ வெச்சிருந்த ஜாடியாம்ல?"

"ஆமாண்ணே. அவங்க சாப்புடுறதுக்கு முன்னாடி கை கழுவுனது அழுக்குப் போக இல்ல, தீட்டுப் போக. மண்பானையில தீட்டு ஒட்டிக்கும்னு நெனச்சாங்க. ஒட்டிருச்சுன்னா ஒடச்சிரணும். கல்லுல ஒட்டாதாம். அதான் கல் ஜாடி. ஒவ்வொண்ணும் நம்ம குடத்துல ஏழெட்டுக் குடம் பிடிக்கும்."

"சரி, அந்த ஜாடியிலதான் ஏன்?"

சிஸ்டர் பைபிளை மூடி வெச்சாங்க.

"நம்ம பங்கு மண்டபத்துல கை கழுவ எத்தனை டிரம்முண்ணே?"

"ரெண்டு."

"ஏன் ரெண்டு?"

"கூட்டம் தாங்காது சிஸ்டர்."

"அப்போ ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெக்கலாமே. ஏன் ஒண்ணு வாசல்ல, ஒண்ணு பின்னாடி?"

நான் இருமினேன். பங்குசாமி மாதிரி இருமினேன். எல்லாரும் சிரிச்சாங்க. சிஸ்டர் சிரிக்கல. கடைசி பெஞ்சுல உக்காந்திருந்த அருளாயியும் சிரிக்கல.

உங்களுக்கு வெளங்கணும்ல, சொல்லிர்றேன். வாசல் டிரம் எங்க தெருவுக்கு. பின்பக்கத்து டிரம் கீழத்தெருவுக்கு. அருளாயி கீழத்தெரு. எல்லாருக்கும் ஒரே கோயிலு, ஒரே பூசை, ஒரே பாட்டுதான். கை கழுவுறது மட்டும் தனி. ரெண்டு டிரம்மும் ஒரே நாள்ல ஒரே கடையில வாங்குனது, ரெண்டும் நீலக் கலரு. பின்பக்கத்து டிரம்முக்கு வாய்ப்பக்கம் வெள்ளைப் பெயிண்டுல ஒரு கோடு இருக்கும். தேச்சுக் காயப்போடும்போது மாறிரக் கூடாதுல்ல? அந்தக் கோடு போட்டது நான்தான். அப்போ மண்டபக் கமிட்டியில இருந்தேன். நூல் பிடிச்ச மாதிரி நேரா வந்திருக்கும், பாத்தா நீங்களே சொல்லுவீங்க.

இதைப் பத்தி யாரும் பேசுறதில்ல. பேசாததால பிரச்சினையும் இல்ல.

"நான் கேட்டது கானாவூர் ஜாடி சிஸ்டர். நீங்க நம்மூரு டிரம்முக்குப் போயிட்டீங்க."

"பக்கத்துலதானண்ணே இருக்கு."

அன்னிக்கு வகுப்பு அதோட முடிஞ்சுது.

அந்த மாசம்தான் என் பொண்ணு ஜெசிந்தாவுக்கு எடம் அமைஞ்சுது. அமைஞ்சுதுன்னா என்ன, மூணு வருசமா அந்தப் பையனைத்தான் கட்டுவேன்னு அவளும் நின்னா, அவனும் நின்னான். கடைசியில அவங்கப்பா ஞானாதிக்கம் எறங்கி வந்தாரு. வாழைக்காய் மண்டி வெச்சிருக்கிற ஆளு. நல்ல கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரலு. பேசுனா மூக்குல ஒரு ரீங்காரம் வரும். ஒரே நாள்ல பிடிச்சுட்டேன் அந்தக் குரலை.

நகை கேக்கல, வண்டி கேக்கல. வாசல்ல செருப்பு மாட்டும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டாரு.

"சம்பந்தி, எங்க பக்கத்து ஆளுங்க கொஞ்சம் பழைய ஆளுங்க. உங்க ஊருல முறையெல்லாம் உண்டுல்ல?"

"எந்த முறை சம்பந்தி?"

"கை கழுவுறது, பந்தி, இதெல்லாம்."

"உண்டு சம்பந்தி. எல்லாம் உண்டு."

"ஏன் சொல்றேன்னா, ஏதாவது ஏடாகூடமா ஆச்சு, எங்காளுங்க சாப்புடாம வேன் ஏறிருவாங்க. அப்புறம் உங்க பொண்ணுதான் காலத்துக்கும் எங்க வீட்டுல பேச்சு கேக்கணும்."

கதவுக்குப் பின்னாடி ஜெசிந்தா நின்னுட்டிருந்தா. அவ கால் மட்டும் தெரிஞ்சுது. பெருவிரலால தரையைக் கீறிட்டிருந்தா.

மே மாசம் கல்யாணம். வெயிலுன்னா வெயிலு, தார் ரோட்டுல செருப்பு ஒட்டுது. காலையிலயே கரண்டு போயிருச்சு. மண்டபத்து மோட்டார் ஓடல, மேல் தொட்டி காலி. மொத நாளே நிரப்பி வெச்ச வாசல் டிரம் மட்டும் கை கழுவ இருந்துச்சு. சமையலுக்கு வேணும்னு அருளாயியும் அவ புருசன் எஸ்தாக்கியும் குடம் குடமா தண்ணி சுமந்துட்டிருந்தாங்க. எங்க ஊரு விசேசம் எதுன்னாலும் தண்ணிக்கு அவங்கதான். எங்கேர்ந்து கொண்டுவர்றாங்கன்னு யாரும் கேக்குறதில்ல. எஸ்தாக்கிக்கு என்னைவிட எட்டு வயசு கூட. ஆனாலும் எஸ்தாக்கிதான்.

பூசை நல்லா முடிஞ்சுது. வர்றவங்களுக்கு நன்னாரி சர்பத் குடுக்குறதா ஏற்பாடு. பெரிய அண்டா நெறயக் கலந்து வெச்சிருந்தேன். எங்க சொந்தக்காரங்களைப் பத்தி நான் சொல்லக் கூடாது. ஆளுக்கு மூணு டம்ளர். எங்க சித்தப்பா ஒருத்தரு ஏழு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கோயில் படியில போட்டோ எடுத்து முடிச்சு, வேர்த்து விறுவிறுத்து மண்டபத்துக்குள்ள வர்றாங்க, அண்டாவுல அடியில நாலு எலுமிச்சைக் கொட்டை கெடக்குது. அண்டாவையும் சமையல்காரரு சோறு வடிக்கத் தூக்கிட்டுப் போயிட்டாரு.

ஞானாதிக்கம் மின்விசிறியைப் பாத்தாரு. அது சுத்தல. என்னைப் பாத்தாரு. நான்தான் சுத்திட்டிருந்தேன்.

ஓடுனேன் சிஸ்டர்கிட்ட. அவங்க சமையல்கட்டுல வாழையிலை தொடச்சுட்டிருந்தாங்க.

"சிஸ்டர், சர்பத் தீந்துபோச்சு!"

"அதுக்கு நான் என்னண்ணே பண்ண?"

"மானம் போகுது சிஸ்டர்."

"என்ன இருக்கு?"

"நன்னாரி பாட்டில் எட்டு இருக்கு. எலுமிச்சை இருக்கு. சீனி இருக்கு. உமிக்குள்ள ரெண்டு பாளம் ஐஸ் இருக்கு. கலக்கத்தான் பாத்திரம் இல்ல. எல்லாத்துலயும் சோறும் குழம்பும் கெடக்குது."

சிஸ்டர் சுத்திப் பாத்தாங்க. பின்வாசல் பக்கம், வேப்பமரத்தடியில, வெள்ளைக்கோடு டிரம் கவுந்து கெடந்துச்சு. கீழத்தெரு ஆளுங்க கடைசிப் பந்திதான். அதனால அதுக்கு இன்னும் யாரும் தண்ணி ஊத்தல. அருளாயி காலையிலயே சபீனா போட்டுத் தேச்சு வெச்சிருந்தா.

"அது இருக்கே."

"சிஸ்டர், அது..."

"அது?"

"கை கழுவுற டிரம்."

"இன்னிக்கு யாராவது கழுவுனாங்களா?"

"இல்ல."

"தேச்சிருக்கா?"

"பளபளன்னு இருக்கு."

"அப்புறம் என்னண்ணே?"

அந்த 'அப்புறம்' எனக்கு வாயில வரல. மூணு தலைமுறையா நாங்க சொல்லாமலே வெச்சிருக்கிற அப்புறம் அது. அதைப் போயி சிஸ்டர் முன்னாடி, அருளாயி முன்னாடி எப்படிச் சொல்றது? ஒன்றியத் தலைவர் குரல்ல சொல்லலாமான்னுகூட ஒரு நிமிசம் யோசிச்சேன்.

சிஸ்டர் திரும்பி, "எஸ்தாக்கியண்ணே"ன்னு கூப்பிட்டாங்க.

நான் பின்னாடி திரும்பிப் பாத்தேன், வேற யாரோ வந்திருக்காங்கன்னு.

"இந்த டிரம்மை நிமித்தி தண்ணி ஊத்துங்க. வாய் வரைக்கும் ஊத்துங்க."

எஸ்தாக்கி என்னைப் பாத்தான். நான் வேப்பமரத்தைப் பாத்தேன்.

"தண்ணி எங்கேர்ந்து?"ன்னு மெதுவாக் கேட்டேன்.

"எங்க தெருக் கெணத்துலேர்ந்துதாண்ணே. கரண்டு இல்லையே, வேற எங்க இருக்கு?" அருளாயி சொன்னா.

டிரம்மும் அவங்களோடது, தண்ணியும் அவங்களோடது. அந்தக் கெணத்துத் தண்ணி கல்கண்டு மாதிரின்னு ஊரே சொல்லும். எங்க தெருவுல யாரும் குடிச்சதில்ல. சொல்றதோட சரி.

பத்துக் குடம். வாய் வரைக்கும் ஊத்திட்டான் எஸ்தாக்கி. அருளாயி நன்னாரியை ஊத்தினா, சீனியைக் கொட்டினா, பாதி எலுமிச்சையைப் பிழிஞ்சுட்டு நாக்குல ஒரு சொட்டு விட்டுப் பாத்துட்டு, மீதியையும் பிழிஞ்சா. நான் என்ன பண்ணேன்? ஒரு ஈரச் சாக்கை எடுத்து டிரம்மோட வாய்ப்பக்கம் சுத்திக் கட்டினேன்.

"எதுக்குண்ணே?" சிஸ்டர் கேட்டாங்க.

"ஐஸ் கரையாம இருக்கும் சிஸ்டர்."

வெள்ளைக்கோடு சாக்குக்குள்ள போயிருச்சு.

ஜக்குல மொண்டு நானே கொண்டுபோயி சம்பந்திக்கு ஊத்துனேன். அவரு ஒரே மடக்கு. கண்ணை மூடுனாரு. மூக்குல ரீங்காரம் வந்துச்சு.

"சம்பந்தி!"

போச்சுன்னு நெனச்சேன்.

"என்ன ஆளுய்யா நீங்க! எல்லாரும் நல்லதை மொதல்ல ஊத்திட்டு, கூட்டம் சேந்ததும் சப்புன்னு ஒண்ணைக் கலந்து ஊத்துவான். மொதல்ல குடிச்சவங்க எல்லாம் சப்புன்னு இருக்குன்னானுங்க. நல்லதை எனக்குன்னு ஒளிச்சு வெச்சிருந்தீங்களா?"

எனக்கு ரோமம் சிலுத்துருச்சு. நாடகத்துல நான் பேசுன பேச்சு அது! அவரு கொஞ்சம் மூக்கால பேசுறாரு, அவ்வளவுதான்.

"யாரு கலந்தது?"

வாசப்படியில எஸ்தாக்கி குடத்தோட நின்னுட்டிருந்தான்.

"நான்தான் சம்பந்தி"ன்னேன்.

எஸ்தாக்கி குடத்தை இடுப்பு மாத்தி வெச்சுட்டுப் போயிட்டான்.

சிஸ்டர் தூண் ஓரமா நின்னு சர்பத் குடிச்சுட்டிருந்தாங்க. டம்ளருக்கு மேல கண்ணு மட்டும் தெரிஞ்சுது.

"இப்ப கண்ணடிக்கலாமேண்ணே"ன்னாங்க.

என்னத்தைக் கண்ணடிக்க? கண்ணு சிமிட்டக்கூட மறந்துபோச்சு எனக்கு.

பந்தி ஆரம்பிச்சுது. ஞானாதிக்கத்துக்குச் சாப்பாட்டுல புத்தி போகல. ஜக்கு வர்ற வழியையே பாத்துட்டிருந்தாரு. ரெண்டாவது டம்ளர், மூணாவது டம்ளர். நாலாவதுக்கு ஜக்கு வர நேரமாச்சு. மனுசன் எந்திரிச்சு, கையைக் கழுவிட்டு, டம்ளரைத் தூக்கிட்டு ஜக்கு போன வழியிலயே பின்பக்கம் நடந்து போயிட்டாரு. நான் பின்னாடியே ஓடுனேன்.

போனா, வேப்பமர நிழல்ல டிரம்முக்குப் பக்கத்துல நின்னு, அவராவே டம்ளரை உள்ள விட்டு மொண்டு மொண்டு குடிக்கிறாரு. நிழலும் குளுமையுமா இருந்துச்சு போல. அங்கயே நின்னுட்டாரு.

அந்த நேரம் பாத்து கீழத்தெரு ஆளுங்க ஒரு இருபது பேரு கடைசிப் பந்திக்கு வந்தாங்க. டிரம்மைப் பாத்தாங்க. ஐஸ் மெதக்குது, எலுமிச்சை மெதக்குது. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

"கை கழுவ எங்க போறது சிஸ்டர்?"

"வாசல்ல ஒரு டிரம் இருக்கே."

"வாசல்லயா?"

"ஆமா."

யாரும் நகரல. அருளாயிதான் மொதல்ல முந்தானையை உதறி இடுப்புல சொருகிட்டு நடந்தா. அப்புறம் மத்தவங்க. மண்டபத்தைச் சுத்திக்கிட்டுப் போனாங்க.

நான் மனசுக்குள்ள எண்ண ஆரம்பிச்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணு... பன்னெண்டு எண்ணும்போது வாசப்பக்கம் சத்தம் கேட்டுச்சு. சம்பந்தியோட மச்சான் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு ஓடி வந்தாரு.

"மச்சான்! நம்ம டிரம்முல கீழத்தெருக்காரங்க கையை விட்டுட்டாங்க மச்சான்! என்ன ஊரு இது? எல்லாரையும் வேன்ல ஏறச் சொல்லவா?"

அவரு பின்னாலயே ஒரு கூட்டம். பின்வாசல்ல ஜெசிந்தா. கல்யாண சேலையோட, கையில மாலையோட. பெருவிரல் தரையைக் கீறுது.

ஞானாதிக்கம் என் பக்கம் திரும்புனாரு. கையில அஞ்சாவது டம்ளரு. பாதி குடிச்சிருந்தாரு.

"சம்பந்தி, நான் ஒண்ணுதான கேட்டேன்? முறை உண்டுன்னீங்களே. அவங்களுக்குன்னு டிரம் இல்லையா?"

"இருக்கு சம்பந்தி."

"எங்க?"

நான் வாயைத் தொறந்தேன். பங்குசாமி வரல. ஒன்றியத் தலைவர் வரல. பழனி பஸ்ஸுகூட வரல. அம்பத்தி நாலு வருசமா தொண்டைக்குள்ள குடியிருந்த அத்தனை பேரும் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. கடைசியா ஒரு குரல் வந்துச்சு, கரகரன்னு. யாருதுன்னு எனக்கே சட்டுன்னு தெரியல. என்னோடது.

"நீங்க மொண்டுக்கிட்டு இருக்கீங்க சம்பந்தி."

ஐஸ் டிரம்முல முட்டுற சத்தம் கேட்டுச்சு.

"கலந்தது நான் இல்ல. அருளாயி. தண்ணி எஸ்தாக்கி கொண்டுவந்தது. கீழத்தெருக் கெணறு."

ஈரச் சாக்கு தானா நழுவிக் கீழ விழுந்துச்சு. எங்க தெரு ஆளுங்க வெள்ளைக்கோட்டைப் பாத்தாங்க. அப்புறம் அவங்கவங்க கையில இருந்த டம்ளரைப் பாத்தாங்க. எங்க ஏழு டம்ளர் சித்தப்பா தொண்டையைப் பிடிச்சுக்கிட்டாரு.

மச்சான்காரரு, "வேன்..."னு இழுத்தாரு.

ஞானாதிக்கம் டம்ளரைப் பாத்தாரு. டிரம்மைப் பாத்தாரு. வயித்தைத் தடவுனாரு.

"நாலரை டம்ளர் உள்ள போயிருச்சேய்யா"ன்னாரு, யாருகிட்டயும் இல்லாம.

டம்ளரை டிரம்மு விளிம்புல வெச்சாரு. கொட்டவும் இல்ல, குடிக்கவும் இல்ல. ஜெசிந்தா பக்கத்துல போனாரு. "வெயில்ல நிக்காத, உள்ள போ"ன்னாரு. அவரும் உள்ள போயி நாற்காலியில உக்காந்துட்டாரு. வேன்ல யாரும் ஏறல. மச்சான் மட்டும் ஏறி உக்காந்து பாத்தாரு. உள்ள அடுப்பு மாதிரி இருந்திருக்கு, எறங்கிட்டாரு.

சாயங்காலம் அவங்க கெளம்புற வரைக்கும் சம்பந்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. ஜெசிந்தா அழுதுட்டே ஏறினா. எல்லாப் பொண்ணும் அழறதுதான், ஆனா இவ எதுக்கு அழறான்னு எனக்கு வெளங்கல. வேன் தெருமுனை வரைக்கும் போயி நின்னுச்சு. டிரைவர் எறங்கி ஓடி வந்தான். கையில ரெண்டு லிட்டர் காலி பாட்டில்.

"அந்த சர்பத் இருந்தா இதுல ஊத்துங்கண்ணே."

"யாருக்குப்பா?"

"சொல்லக் கூடாதுன்னாரு."

ஊத்திக் குடுத்தேன்.

எங்க தெரு ஆளுங்க பாதிப் பேரு கை கழுவாமலே வேட்டியில தொடச்சுட்டுப் போயிருந்தாங்க. வாசல் டிரம்முல தண்ணி பாதி அப்படியே கெடந்துச்சு. மண்டபம் காலி. நான் பின்பக்கம் வந்தேன். சிஸ்டரும் எஸ்தாக்கியும் டிரம்மைத் தேச்சுக் கழுவி முடிச்சிருந்தாங்க. வெள்ளைக்கோடு மட்டும் போகல. நல்ல பெயிண்டு அது.

"சிஸ்டர், சத்தியமா எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"என்னண்ணே வெளங்கல?"

"இன்னிக்கு ஏதோ நடந்துச்சு. அது நல்லதா கெட்டதான்னு தெரியல. என் பொண்ணு நாளைக்கு அங்க எப்படி இருப்பான்னு தெரியல. நடந்ததுல எது அற்புதம்? தண்ணி ருசியா இருந்ததா? அந்தாளு குடிச்சதா? வேன் ஏறாததா? பாட்டில் குடுத்து விட்டதா? நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா நான் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டாம். அந்தக் கல் ஜாடியிலதான் ஏன் சிஸ்டர்?"

சிஸ்டர் ஈரக்கையை முந்தானையில தொடச்சாங்க. டிரம்மோட ஒரு பக்கத்தைப் பிடிச்சாங்க. இன்னொரு பக்கத்தை எஸ்தாக்கியண்ணன் பிடிச்சாரு. ரெண்டு பேரும் தூக்கிட்டு நின்னாங்க.

"கனமா இருக்குண்ணே, சீக்கிரம் சொல்லுங்க," சிஸ்டர் கேட்டாங்க. "இதை எங்க வெக்கட்டும்?"